இழை: பயோ லூப்ரிகன்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ந. எழுதியது:

அன்பின் குழுவினருக்கு வணக்கம். எந்திரப் பராமரிப்புப் பயிற்சிக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூலத்தில் லூப்ரிகன்ட்டுக்கு, அதாவது எந்திரப் பாகங்கள் உராய்ந்து தேயாமலிருக்க இடும் எண்ணெய்க்கு, மூன்று அடைமொழிகள் வருகின்றன: பயோ-பேஸ்டு, பயோடிகிரேடபிள், என்விரான்மென்டலி அக்செப்டபிள். அவசரத்தில் மூன்றுக்கும் 'பசுமை உயவெண்ணெய்' என்றே போட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் 94ஆம் பக்கத்தைச் சுழித்து அனுப்பியிருக்கிறார். அங்கே என் கைவண்ணம் இப்படி இருக்கிறது: "பசுமை உயவெண்ணெய்கள் எல்லாம் பசுமை உயவெண்ணெய்கள் ஆகா." காப்பாற்றுங்கள்.

வே. எழுதியது:

அடைமொழி இருக்கட்டும், முதலில் பெயரைத் தீர்ப்போம். உரியியலில் 'உயாவே உயங்கல்' என்கிறார் தொல்காப்பியர். உயங்கல் என்றால் வருந்துதல், தளர்தல். ஆக உயவு என்பது எந்திரம் படும் பாடு, அதைத் தீர்க்க ஊற்றுவது அல்ல. 'தலைவலி மருந்து' போல 'உயவுநெய்' என்று சொன்னால் நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக நிற்கும். வெறும் 'உயவு' என்பது மருந்துப் புட்டியில் 'தலைவலி' என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். அப்புறம் எண்ணெய். எள் + நெய் எண்ணெய். பாறைக்கடியில் ஏது எள்?

கி. எழுதியது:

ஐயா, எங்கள் பணிமனையில் இருப்பவை இரண்டே சொற்கள்: ஆயில், கிரீஸ். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஹைட்ராலிக் அழுத்தப்பொறிக்குப் புது எண்ணெய் வந்தபோது ஆர்வக்கோளாறில் பீப்பாயின் மேல் 'மக்கும் எண்ணெய்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பீப்பாய் மூலைக்குப் போய்விட்டது. கேட்டால், "கெட்டுப்போற எண்ணெய்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க" என்கிறார் மூத்த தொழிலாளி.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. நுண்ணுயிரும் ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் மக்கும், மூடிய பீப்பாயில் மக்காது என்று விளக்கினேன். ஆனால் தாவர எண்ணெய்க்கு வேறொரு கேடு உண்டு. சூடேறினால் காற்றோடு சேர்ந்து பிசினாக இறுகும். தண்ணீர் புகுந்தால் பிரிந்து அமிலமாகும். வால்வைக் கழற்றியபோது விரலில் பழுப்பாக, தேன்போல இழுத்துக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் பயந்தது இதற்கு. என் சொல் அந்தப் பயத்துக்குத் தூபம் போட்டது.

வே. எழுதியது:

> மக்கும் எண்ணெய்

'மட்கும்' என்று எழுதுங்கள். மண் + குடம் மட்குடம் ஆவதுபோல, மண் என்ற வேரிலிருந்துதான் மட்கு. மண்ணாகப் போதல். என்ன அழகான சொல்! மக்கு என்றால் மந்தபுத்திக்காரன்.

கி. எழுதியது:

பள்ளியில் எனக்கு அந்தப் பட்டம் உண்டு. அதனால் அந்தச் சொல்லின் மேல் தனிப் பாசம். குப்பைத்தொட்டி வரைக்கும் 'மக்கும்' வந்துவிட்டது ஐயா, இனி ட்டை நுழைக்க முடியாது.

மு. எழுதியது:

வே. ஐயா, வேர்ச்சொல் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது. நான் வேதியியல் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ந.வின் மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். எதிலிருந்து வந்தது? கொட்டினால் என்ன ஆகும்? அதுவரை மீனுக்கும் பாசிக்கும் என்ன செய்யும்?

முதல் கேள்வியில் தேறியது மற்றதில் தேற வேண்டும் என்றில்லை. எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயை 1970 வாக்கில்கூடப் பல்லிணைகளில் ஊற்றினார்கள். உயிரிலிருந்து வந்தது, நன்றாக மக்கக்கூடியது. அதைப் பசுமை என்று யார் சொல்வார்கள்? மறுபக்கம், பெட்ரோலிய மூலத்திலிருந்தே செய்த, எஸ்டர் என்ற வகைச் சேர்மங்கள் சில அருமையாக மக்குகின்றன. ஐரோப்பியத் தரம் ஈஎன் 16807 படி, பயோ லூப்ரிகன்ட் என்று சொல்ல, மக்குதல் போன்ற மற்ற நிபந்தனைகளைத் தாண்டினால், உயிர்மூலம் 25 விழுக்காடு இருந்தால் போதும். மீதி 75 எங்கிருந்தும் வரலாம்!

'எளிதில் மக்கும்' என்பதற்கு ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 301 வரிசைச் சோதனைகள் இருக்கின்றன. மக்கும்போது வரும் கரியமிலவாயுவை அளக்கும் முறையில், வரக்கூடிய மொத்த வாயுவில் 60 விழுக்காட்டை 28 நாளில் தொட வேண்டும். மூன்றாவது சொல் சட்டச் சொல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013இல் கப்பல்களுக்குக் கொடுத்த பொது அனுமதியில், கடல்நீரைத் தொடும் இடங்களில் இந்த வகை எண்ணெய்தான் என்று விதித்தது. சுழலித் தண்டு கப்பலின் வயிற்றைத் துளைத்து வெளியே வரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சொட்டினால் நேரே கடல்தான். மக்க வேண்டும், நஞ்சு மிகக் குறைவாக இருக்க வேண்டும், உயிர்களின் உடலில் சேரக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். அடிப்படை எண்ணெய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் தேய்மானம் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மம் காரியத்தைக் கெடுத்துவிடும்.

என் முன்மொழிவு: உயிர்மூல, மக்கும், சூழலேற்பு.

வே. எழுதியது:

'சூழலேற்பு'! ஏற்றுக்கொண்டேன் என்று சூழல் யாரிடம் வந்து சொன்னது? 'ஊறிலா உயவுநெய்' என்று வையுங்கள். ஓசையும் இருக்கிறது.

மு. எழுதியது:

ஓசை இருக்கிறது, உண்மை இல்லை. ஊறே இல்லாத எண்ணெய் எதுவும் இல்லை ஐயா. 'ஊறிலா' என்று படித்துவிட்டு ஒருவர் சாக்கடையில் ஊற்றினால்? ஏற்பு என்றால் விதி ஏற்ற அளவு. அந்தத் தயக்கம் சொல்லுக்குள் இருப்பது நல்லது.

த. எழுதியது:

தாமதமாக நுழைவதற்கு மன்னிக்கவும். இடையில் யாரும் லூப்ரிகன்ட்டுக்கு 'மசகெண்ணெய்' என்று போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இலங்கையில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை ஏறியது என்றுதான் செய்தி வாசிப்பார்கள். லூப்ரிகன்ட்டுக்கு நாங்கள் சொல்வது உராய்வுநீக்கி. யாருக்கும் உரை வேண்டாம்.

கி. எழுதியது:

நல்ல சொல்தான். ஆனால் உராய்வை முழுக்க நீக்கினால் ஒரு நட்டுகூட இறுகி நிற்காதே. குறைப்பதுதானே வேலை?

த. எழுதியது:

குளிர்நீக்கி உடுத்தால் குளிர் முழுக்கப் போய்விடுகிறதா என்ன?

மு. எழுதியது:

உராய்வைப் பற்றி வழக்காடத் தனித் துறையே இருக்கிறது. தேய்த்தல் என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து டிரைபாலஜி என்று பெயரிட்டு, 1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் பிரிட்டனில் வந்த அறிக்கைதான் அதைப் பரப்பியது. அவர்களும் அகராதியைப் புரட்டித்தான் சொல் எடுத்திருப்பார்கள்.

வே. எழுதியது:

அப்படிப் போடுங்கள். சொல்லை வைத்தார்கள், துறை வந்தது. நாம் துறையை வைத்துக்கொண்டு சொல்லுக்கு அலைகிறோம். போகட்டும், காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதானே? முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்களே ஆமணக்கெண்ணெயை உயவுநெய்யாக ஊற்றித்தான் ஓடின. பெட்ரோலில் எளிதில் கரையாது என்பது காரணம். ஆகவே 'ஆமணக்கம்' என்று ஒரு பொதுப்பெயர்...

ந. எழுதியது:

ஐயா, வேண்டாம். நேரம் முடிந்தது. உயிர்மூல உயவெண்ணெய், மக்கும் உயவெண்ணெய், சூழலேற்பு உயவெண்ணெய் என்று அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'உராய்வுநீக்கி' என்றும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். கி. சொன்ன பீப்பாய்க் கதைக்காக 'மக்கும்' வரும் முதல் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்: "பீப்பாயில் இருக்கும்போது அல்ல, மண்ணிலோ நீரிலோ சிந்திய பிறகு." 94ஆம் பக்கம் இப்போது: "உயிர்மூல உயவெண்ணெய்கள் எல்லாம் சூழலேற்பு உயவெண்ணெய்கள் ஆகா." மெய்ப்புக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

கி. எழுதியது:

ஸ்டிக்கரை மாற்றிவிட்டேன். 'சூழலேற்பு ஆயில்' என்று எழுதினேன். பீப்பாய் முன்வரிசைக்கு வந்துவிட்டது. சொல் புரிந்து அல்ல, பழைய பீப்பாய் தீர்ந்துவிட்டதால்.

வே. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். 'மட்கும்' என்பதில் மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கிரீஸுக்கு என்ன போட்டீர்கள் என்று ந. இன்னும் சொல்லவில்லை. வண்டியச்சுக்கு இடும் மைக்கு மசகு என்று ஒரு சொல் சும்மா கிடக்கிறது.

த. எழுதியது:

ஐயா!