தேவனாம்பட்டினம் கடற்கரையில் போன் ‘மைனஸ் 90’ காட்டுது: அப்போ உலகத்துல உயரமான இடம் எது, தாழ்வான இடம் எது?

கெடிலக்கரை:
நேத்து சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுல நின்னுக்கிட்டு ஜிபிஎஸ் ஆப் ஒண்ணைத் திறந்தேன். அலை காலை நனைக்குது, உயரம்னு போட்ட இடத்துல மைனஸ் 90-ஐ ஒட்டி ஒரு எண். ஆப் கெட்டுப்போகலை. செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. பூமியை வழவழப்பான, துருவப் பக்கம் தட்டையான ஒரு கோளமா வச்சு அதிலிருந்து அளக்குது. நம்ம பக்கக் கடல் அந்தக் கோளத்தைவிட அவ்வளவு தாழ்ந்து கிடக்கு. இலங்கைக்குத் தெற்கே போனா 106 மீட்டர் வரைக்கும் தாழ்வு, உலகத்துலயே அதிகம்.

கடலே இப்படி மேடும் பள்ளமுமா இருக்கும்போது ‘கடல் மட்டத்திலிருந்து 8,848.86 மீட்டர்’னு எவரெஸ்ட்டுக்கு முதல் இடம் கொடுக்கறது என்ன நியாயம்? பூமியோட மையத்திலிருந்து அளங்க. ஈக்வடார் நாட்டு சிம்பொராசோ கடல் மட்டக் கணக்குல 6,263 மீட்டர்தான். ஆனா அதோட உச்சி மையத்திலிருந்து 6,384.4 கி.மீ., எவரெஸ்ட் 6,382.3 கி.மீ. நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி புடைச்சிருக்கறதால வர்ற வித்தியாசம். என்னைப் பொறுத்தவரை உயரத்துல முதல் சிம்பொராசோதான்.

மட்டக்கோல்:
தம்பி, போன் காட்டின எண் சரி. அதை வச்சு நீங்க சொல்ற முடிவைத்தான் ஏத்துக்க முடியாது. ரோடு, வாய்க்கால் வேலைக்கு லெவல் எடுத்தே காலம் தள்ளினவன் நான்.

வீடு கட்டற இடத்துல மேஸ்திரி மட்டம் பார்க்கறதைக் கிட்ட நின்னு பாருங்க. டியூப்ல தண்ணி ரொப்பி, உள்ள ஒரு குமிழிகூட இல்லாம விரலால தட்டித் தட்டி வெளியேத்துவாங்க. ஒரு முனையை இந்தத் தூண்லயும் மறு முனையை அந்தத் தூண்லயும் பிடிச்சு, தண்ணி ஆடி அடங்கினதும் ரெண்டு பக்கமும் பென்சில் கோடு போடுவாங்க. ரெண்டு கோடும் ஒரே மட்டம். அந்த டியூபைத் தேவனாம்பட்டினத்துலேருந்து நியூ கினி வரைக்கும் நீட்டினதா வச்சுக்குங்க. இங்க கடல் உங்க கோளத்துக்கு 90 மீட்டர் கீழே, அங்க 80 சொச்சம் மேலே. ஆனாலும் அங்கேருந்து இங்க ஒரு சொட்டுத் தண்ணி ஓடி வராது. ஈர்ப்பு விசை அந்தந்த இடத்துல தண்ணியை அப்படித்தான் நிறுத்தி வச்சிருக்கு. ஜியாய்டுன்னு சொல்றது இந்தப் பரப்பைத்தான். உயரங்கறது அதுக்கு மேல எவ்வளவுங்கறது.

மையக் கணக்கை மிசிசிப்பி ஆத்துக்குப் போட்டுப் பாருங்க. மினசோட்டாவுல அது புறப்படற இடத்தைவிட, மெக்சிகோ வளைகுடாவுல அது கலக்கற முகத்துவாரம் பூமி மையத்திலிருந்து சுமார் ஆறு கி.மீ. அதிகத் தூரத்துல இருக்கு. அப்போ அந்த ஆறு ஆயுசு பூரா மேட்டைப் பார்த்து ஓடுதுன்னு சொல்லணும். ஒத்துக்குவீங்களா?

முத்தியால்பேட்டை:
ரெண்டு பேரும் மலையை விட்டுட்டீங்க. ஹவாயில மௌனா கியா கடலுக்கு மேல 4,207 மீட்டர். கடலடியில இருக்கற அதன் அடிவாரத்துலேருந்து அளந்தா 10,000 மீட்டருக்கு மேல.

மட்டக்கோல்:
முத்தியால்பேட்டை சார், அது மலை எவ்வளவு பெரிசுங்கற கணக்கு. இங்க பேச்சு, உச்சி எவ்வளவு உயரத்துல இருக்குங்கறது.

கோரிமேடு டீச்சர்:
கடல் மட்டம் யாரோ சும்மா சொல்லிவிட்டுப் போன எண் இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 1802-இல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட முதலில் தரையில் அளக்கும் நேர்கோடு) அளந்து தொடங்கிய நில அளவை வேலை அது. பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் அன்று குறித்து வைத்திருந்த எவரெஸ்ட்டை, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் சமவெளியில் நின்று கோணம் எடுத்தார்கள். நில அளவைத் துறையில் இருந்த வங்காளக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்து அதுதான் எல்லாவற்றிலும் உயரம் என்று கண்டார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி, அதாவது 8,840 மீட்டர். இன்றைய அளவுக்கும் அதற்கும் ஒன்பது மீட்டர்தான் வித்தியாசம்! காற்றில் ஒளி வளைவதைக்கூடக் கணக்கில் சேர்த்த மனிதர்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நம் நாட்டின் கடல் மட்டமும் அப்படித்தான் வந்தது. கராச்சியிலிருந்து ஒடிசாக் கரை வரை ஒன்பது துறைமுகங்களில் அலையேற்றத்தை அளந்து, 1909-இல் சரிக்கட்டிய மட்டம். அந்த ஒன்பதில் சென்னையும் உண்டு, நாகப்பட்டினமும் உண்டு. ரயில் நிலைய மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே நீங்கள் பார்க்கிற மீட்டர் கணக்கு கடல் மட்டத்திலிருந்துதான்.

கெடிலக்கரை:
டீச்சர், உங்க எடுத்துக்காட்டே என் பக்கம்தான் பேசுது. ஒன்பது துறைமுகத்துலயும் கடல் ஒரே மட்டம்னு அன்னைக்கு வச்சுக்கிட்டாங்க. நீரோட்டம், வெப்பம், உப்பு எல்லாம் இடத்துக்கு இடம் மாறுறதால அது அப்படியில்லைன்னு இப்போ தெரியும். மையம் ஒண்ணுதான், அது மாறாது.

மட்டக்கோல்:
அந்த வேறுபாடு கையளவு சங்கதி. நீங்க சொல்றது கிலோமீட்டர் கணக்கு. எவரெஸ்ட்டையே பாருங்க: 2019 மே மாசம் நேபாளக் குழு, 2020 மே மாசம் சீனக் குழு, ரெண்டும் உச்சிக்கே செயற்கைக்கோள் கருவியைத் தூக்கிட்டுப் போச்சு. அதோட வேலை முடியலை. ஈர்ப்பு விசையையும் அளந்து, மலைக்கு அடியில ஜியாய்டு எங்க ஓடுதுன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் 2020 டிசம்பர்ல 8,848.86-ஐ அறிவிச்சாங்க.

நெய்வேலி மந்தாரக்குப்பம்:
உச்சியைப் பத்தியே பேசறீங்க, பள்ளத்தை யாரும் தொடலையே. சாக்கடல் கரைதான் தாழ்வான நிலம்னு பாடத்துல இருக்கு. ஆனா கிழக்கு அண்டார்டிகாவுல டென்மன் பனியாற்றுக்கு அடியில கடல் மட்டத்துக்குக் கீழ 3,500 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கு இருக்கறதா 2019-லயே சொல்லிட்டாங்க. சாக்கடல் அதுல எட்டுல ஒரு பங்குதான்.

மனுஷன் தோண்டினதையும் சேர்க்கணும். எங்க ஊர் மாதிரியே பழுப்பு நிலக்கரி எடுக்கற ஜெர்மனியோட ஹம்பாக் சுரங்கத்துல, திறந்த குழியோட அடி கடல் மட்டத்துக்குக் கீழ 300 மீட்டரை ஒட்டி இருக்கு. இங்க சுரங்க விளிம்புல நின்னு கீழ பாருங்க, ராட்சத எந்திரமே பொம்மையாத் தெரியும். அடியில இருக்கற ஊற்று நீர் அழுத்தத்துல மேல பொங்கிடாம இருக்க ராப்பகலா பம்ப் ஓடுது. அந்தக் குழியும் நிலம்தானே?

கோரிமேடு டீச்சர்:
டென்மன் பள்ளத்தை நான் ஏற்க மாட்டேன். அதன் தரையை எந்த மனிதனும் மிதிக்க முடியாது. பனி முழுக்க நிரம்பிக் கிடக்கிறது, பனி போனால் கடல் உள்ளே வந்துவிடும். வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிற, கால் வைக்கக்கூடிய நிலத்தில் சாக்கடல் கரைதான் கடைசி. 430 மீட்டருக்கும் கீழே.

அதுவும் நிலையாக இல்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. யோர்தான் ஆற்று நீரை மேலேயே குடிக்கவும் பாசனத்துக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். தெற்கில் உரத்துக்கான பொட்டாஷ் உப்பு எடுக்கப் பாத்தி கட்டி நீரை ஆவியாக்குகிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீர் இறங்குகிறது. கரையில் உப்பு அடுக்கு கரைந்து திடீர் திடீரென்று தரை உள்வாங்குகிறது. உலகின் மிகத் தாழ்ந்த கரையை இன்னும் கீழே இறக்கிக்கொண்டிருப்பது நாம்தான்.

நெய்வேலி மந்தாரக்குப்பம்:
மனுஷனால சாக்கடல் இறங்கினா அதைக் கணக்குல சேர்க்கறீங்க, மனுஷன் தோண்டின குழியைச் சேர்க்க மாட்டீங்களா டீச்சர்? ஒரே நீதி வேணும்.

கோரிமேடு டீச்சர்:
பம்பை நிறுத்தினால் உங்கள் குழி எத்தனை நாள் நிலமாக இருக்கும்?

கெடிலக்கரை:
நம்ம கடல் ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்குன்னு யாரும் கேட்கவே இல்லையே. 2023-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தாங்க. டெதிஸ்னு ஒரு பழைய கடல், அதோட தரை பூமிக்குள்ள அமிழ்ந்து ஆழத்துக்குப் போச்சு. அது ஆப்பிரிக்காவுக்கு அடியில இருக்கற சூடான பாறையைக் கிளறி விட்டதால, இந்தியப் பெருங்கடலுக்குக் கீழ எடை குறைஞ்ச பொருள் மேல வந்திருக்கு. எடை குறைஞ்ச இடத்துல ஈர்ப்பும் குறைவு, கடலும் தாழ்வு. போன் காட்டின மைனஸ் 90 அந்தக் கதையோட ஒரு ஓரம். இதை ‘பிழை’ன்னு தள்ளாதீங்க. பட்டியல்ல சிம்பொராசோதான் முதல்னு நான் இன்னும் சொல்வேன்.

பாகூர்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். தென்பெண்ணை பக்கம் ஒரு மனை பார்த்திருக்கோம். 2024 ஃபெஞ்சல் புயலப்போ வெள்ளம் புகுந்த பகுதி. தரகர் போன்ல உயரம் காட்டி ‘பக்கத்து மனையைவிட நாலு மீட்டர் மேடு’ங்கறார். நம்பலாமா?

மட்டக்கோல்:
நம்பாதீங்கம்மா. போன் உயரம் நின்ன இடத்துலயே அஞ்சு, பத்து மீட்டர் முன்னப்பின்ன ஆடும். வெள்ளத்துக்கு அரை மீட்டரே பெரிய விஷயம். ஆட்டோ லெவல்னு மட்டம் பார்க்கற கருவி வச்சிருக்கற சர்வேயர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல பெஞ்ச் மார்க் (உயரம் குறிச்சு வச்ச அளவைக் கல்) இருந்தா அதிலிருந்து, இல்லேன்னா ரோட்டு மட்டத்துலேருந்து மனைக்கும் ஆத்தங்கரைக்கும் லெவல் எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்ல தண்ணி நின்ன கறை எவ்வளவு உயரம்னு பாருங்க. சர்வேயர் அந்தக் கறையையும் மனையையும் ஒரே லெவல்ல ஒப்பிட்டுச் சொல்லிடுவார்.