பொருள்: ஐஸ் ஹொக்கி ‘டிஃபென்ஸ்மேன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சு., ஸ்காபுறோ (திங்கள்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் தயாரிக்கிறோம். அதில் ஒரு பாடம் ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர் பொபி ஓர் (Bobby Orr) பற்றியது. ஒன்ராறியோவில் பரி சவுண்ட் என்ற சின்ன ஊரில் 1948இல் பிறந்தவர். 14 வயதில் பொஸ்ரன் புரூயின்ஸ் அணியோடு ஒப்பந்தம், 18 வயதில் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹொக்கி லீக்) ஆட்டம். பாடம் எழுதி முடிந்தது, ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அவர் டிஃபென்ஸ்மேன். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இப்போதைக்குத் ‘தடுப்பாளர்’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

(ஐஸ் ஹொக்கியை ‘ஐஸ் ஹொக்கி’ என்றே விட்டுவிட்டோம். தயவுசெய்து யாரும் அதைக் கிளற வேண்டாம்.)

ரா., சென்னை

இதற்கு எதற்குப் புதுச்சொல்? கால்பந்துச் செய்தியில் நாங்கள் வாராவாரம் எழுதுவதுதான்: தடுப்பாட்டக்காரர். சில சமயம் பின்கள வீரர். பத்தியில் இடம் போதாவிட்டால் டிஃபெண்டர். இதுவரை ஒரு வாசகரும் கடிதம் போட்டதில்லை.

பேரா. த., மதுரை

வாசகர் கடிதம் போடாததால் சொல் சரி என்றாகிவிடாது. அவர் அலுத்துப்போயும் இருக்கலாம்.

தடுப்பது வேறு, காப்பது வேறு. தடுப்பவனுக்கு எதிரியின் மேல் கண். காப்பவனுக்குத் தன் பொருளின் மேல் கண். காப்பதற்கென்று நம்மிடம் ஒரு திணையே இருக்கிறது: நொச்சி. மதில் காப்போர் சூடும் பூ. ‘நொச்சியர்’ என்று வைக்கலாமே?

ரா., சென்னை

ஐயா, இங்கே நொச்சி என்றால் சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கும் இலை. பனிக்கட்டியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வகையில் பொருத்தம்தான்.

யோ., யாழ்ப்பாணம்

‘தடுப்பாளர்’ வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ‘அவர் தடுப்பில் இருந்தவர்’ என்றால் என்ன அர்த்தம் என்று இந்தியாவில் இருப்பவர்களுக்கு உடனே விளங்காது. சு. அக்காவின் வகுப்புப் பெற்றோருக்கு நன்றாகவே விளங்கும். அதற்குப் பதிலாகக் ‘காவலர்’ போடலாம் என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் சேர்த்தால் ‘தடுப்புக் காவல்’. ஒரு பிள்ளையின் பாடத்தில் அது வேண்டாம்.

சு., ஸ்காபுறோ

மனம் ஏன் ஒப்பவில்லை என்று எனக்கே இப்போதுதான் விளங்கியது. நன்றி யோ.

ந., மொன்றியல்

அக்கா, நான் வார இறுதிகளில் இதே இடத்தில் ஆடுகிறவன் (மோசமாக). ‘தடு’, ‘கா’ இரண்டுமே ஓருக்குப் பொருந்தாது என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

பனியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கோல் காக்கும் கோலி ஒருவர், டிஃபென்ஸ்மேன் இருவர், முன்னால் மூவர். ஓருக்கு முன்பு இந்த இருவர் பெரும்பாலும் பின்னால் நின்று வருகிறவனை மறிப்பார்கள், வட்டை (பக்கை) பறித்து முன்னவருக்குத் தள்ளுவார்கள். ஓர் அதைத் தானே எடுத்துக்கொண்டு போனார். 1969–70இல் 33 கோல், 87 அசிஸ்ட் (மற்றவர் கோல் போட உதவியது), மொத்தம் 120 புள்ளி. லீக்கிலேயே முதலிடம். ஒரு டிஃபென்ஸ்மேன் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 1974–75இல் 135 புள்ளியோடு மறுபடியும் அவரே. இன்றுவரை வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் வந்ததில்லை.

1970 மே 10. இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம், கூடுதல் நேரத்தின் 40ஆவது வினாடி. வலைக்குப் பின்னாலிருந்து சாண்டர்சன் தள்ளிவிட, ஓர் அடித்தார். கோல் விழுந்த அதே கணத்தில் செயின்ட் லூயிஸ் அணியின் பிக்கார் அவர் காலை வாரிவிட, ஆள் கிடையாகக் காற்றில் பறக்கிறார், இரண்டு கையும் மேலே. 29 வருடத்துக்குப் பிறகு பொஸ்ரனுக்கு லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை. அந்தப் புகைப்படத்தைத்தானே பாடத்தில் போடப் போகிறீர்கள்? அதன் கீழே ‘தடுப்பாளர்’ என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பேரா. த., மதுரை

மிக நன்று! தம்பி சொல்வது நொச்சி அன்று, கரந்தை. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டுக்கொண்டு வருவது. இவர் வட்டை மீட்கிறார், மீட்டதோடு நிற்காமல் ஓட்டிக்கொண்டும் போகிறார். ‘கரந்தையர்’ என்பதே சொல். ‘கர’ என்பதற்கு மறைத்தல் என்றும் பொருள் உண்டு. வட்டைக் கழிக்குள் மறைத்துக்கொண்டு சறுக்குவதையும் அது குறிக்கும். அச்சொல் மேலும்...

ரா., சென்னை

கரந்தையர் என்றால் தஞ்சாவூர்க் கரந்தைக்காரர் என்றல்லவா நினைப்பார்கள்? 1911 முதல் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, ஐஸ் ஹாக்கிச் சங்கம் இல்லை.

வே., சிங்கப்பூர்

இடையில் ஒரு சந்தேகம். ‘பொபி ஓர் ஓர் ஆட்டக்காரர்’ என்று பாடம் தொடங்கினால் பிள்ளைகள் அச்சுப் பிழை என்று ஒன்றை அடித்துவிட மாட்டார்களா? ‘ஓர் சிறந்த வீரர்’ என்று எழுதினால் ஆசிரியரே ‘ஒரு’ என்று திருத்திவிடுவார்.

பேரா. த., மதுரை

ஓர்தல் என்றால் ஆராய்ந்து உணர்தல். எதிரி அடுத்து எங்கே போவான் என்று ஓர்ந்தவர்!

சு., ஸ்காபுறோ

ஐயா, அது வெறும் குடும்பப் பெயர். வே.யின் சந்தேகம் நியாயம்தான், முதல் வசனத்தை மாற்றிவிட்டேன்.

வட்டு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். பக்குக்கு வட்டு போட்டிருக்கிறேன்.

பேரா. த., மதுரை

அதில் குறை ஒன்றும் இல்லை. நற்றிணையில் வேப்பமர நிழலில் அரங்கு கீறி, சிறுவர் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். குறளிலும் ‘அரங்கின்றி வட்டாடியற்றே’.

ந., மொன்றியல்

இந்த வட்டு வல்கனைஸ் செய்த ரப்பர், குறுக்கே மூன்று அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் வலிக்கும்.

ரா., சென்னை

அந்தக் குறள் நூலறிவு இல்லாமல் அவையில் பேசுகிறவர்களைப் பற்றியது. நம் இழைக்கு முகப்பில் போட்டுவிடலாம்.

மட்டுறுத்துநர் (புதன்)

நண்பர்களே, சொல்லுக்கு வருவோம்.

ந., மொன்றியல்

டிஃபென்ஸ்மேன் என்பதை நாங்கள் ஆளின் குணமாக எடுக்கிறதில்லை, அது இடத்தின் பெயர். பழைய காலத்தில் அந்த இருவரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்; பெயர் பாயிண்ட், கவர் பாயிண்ட். கிரிக்கெட் ஞாபகம் வருகிறதல்லவா? அந்தப் பெயர்களில் தடுப்பும் இல்லை, காப்பும் இல்லை. இப்போதும் பனியில் போட்டிருக்கும் நீலக் கோட்டை வைத்து ‘புளூலைனர்’ என்பார்கள். ‘நீலக்கோட்டார்’?

ரா., சென்னை

நீலக் கலர் கோட்டுப் போட்டவர்.

யோ., யாழ்ப்பாணம்

அப்போ இடத்தையே சொல்வோம்: பின்வரிசை ஆட்டக்காரர். பின்னால் இருந்து புறப்படுகிறவர், எவ்வளவு தூரம் போவார் என்பது அவரவர் திறமை. ‘ஆட்டக்காரர்’ பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அந்த ‘மேன்’ தொல்லை நமக்கு இல்லை.

பேரா. த., மதுரை

பின்வரிசை என்றால் நாடாளுமன்றத்தில் தூங்குபவர் நினைவுதான் வருகிறது. எட்டு ஆண்டுகள் தொடர்ந்து, 1968 முதல் 1975 வரை, சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கியவர் (நானும் தேடிப் படித்தேன்). அவரைப் பின்வரிசையில் உட்கார வைப்பதா?

ந., மொன்றியல்

ஐயா, அவர் தடுக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. 1970–71இல் அவர் பனியில் நின்ற நேரத்தில் அணி போட்ட கோல், வாங்கிய கோலைவிட 124 அதிகம் (ஆள் கூடுதலாக இருக்கும்போது போட்டவை அந்தக் கணக்கில் வராது). அது இன்னும் உடைபடாத சாதனை. வட்டு அவரிடமே இருந்ததால் எதிரணிக்குத் தடுக்கத்தான் வேலை இருந்தது. பிறகு இடது முழங்கால் போயிற்று. அறுவைக்கு மேல் அறுவை. கடைசியில் சிக்காகோவுக்குப் போய் 1978இல், 30 வயதில், நிறுத்திவிட்டார். மொத்தம் 657 ஆட்டம்தான். வழக்கமான மூன்று வருடக் காத்திருப்பைத் தள்ளிவைத்து 1979இலேயே புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

பாடத்தில் முழங்கால் பகுதியைச் சுருக்க வேண்டாம் அக்கா. எங்கள் அணியில் எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கதைப்பார்கள்.

சு., ஸ்காபுறோ (வியாழன் இரவு)

இன்று வகுப்புப் பொறுப்பாளர் கேட்டார்: பிள்ளைகளுக்கு டிஃபென்ஸ்மேன் என்றாலே விளங்கும், பிறகு ஏன் இந்தப் பாடு என்று. உண்மைதான். பிள்ளைக்கு ஆட்டம் தெரியும், தமிழ் மட்டுமட்டு. வீட்டில் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அம்மம்மாவுக்குத் தமிழ் தெரியும், ஆட்டம் தெரியாது. அம்மம்மா வாசித்ததும் களத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்றாவது தெரிய வேண்டும். கரந்தையர் என்றால் அவர் என்னிடம் தொலைபேசியில் கேட்பார். தடுப்பு என்றால் கேட்கவும் மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார்.

பின்வரிசை ஆட்டக்காரர் என்றே போடுகிறேன். முதல் இடத்தில் பக்கத்திலேயே டிஃபென்ஸ்மேன் என்றும் தமிழ் எழுத்தில் வரும்.

மட்டுறுத்துநர் (வெள்ளி)

கணக்குக்காக: பின்வரிசை ஆட்டக்காரர் – 5, தடுப்பாட்டக்காரர் – 2, கரந்தையர் – 1. இழையை மூடலாமா?

ரா., சென்னை

மூடுங்கள். நாங்கள் தடுப்பாட்டக்காரர் என்றுதான் எழுதுவோம், ஐஸ் ஹாக்கிக்கு என்றைக்காவது இடம் கிடைத்தால்.

பேரா. த., மதுரை

என் வாக்கு கரந்தைக்கே. இருக்கட்டும். ஆனால் ‘பின்வரிசை ஆட்டக்காரர்’ என்று பிரித்து எழுதினால் அது இரண்டு சொல். கலைச்சொல் என்றால் உடம்படுமெய் பெற்றுப் ‘பின்வரிசையாட்டக்காரர்’ என்று சேர வேண்டும். அச்சுக்குப் போய்விட்டதா?

சு., ஸ்காபுறோ

போய்விட்டது ஐயா.