ஆம்ப்ளிஃபயருக்கு மின்வடிகட்டி: உறுமல், கரகரப்பு, பெட்டியைத் தொட்டால் ஷாக்

கேள்வி – கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். டிடிஏ7294 ஐசி இரண்டை வைத்து ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைச் சென்ற மாதம் கட்டி முடித்தேன். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டொராய்டல் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபயர், பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் என்று பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்கவில்லை. பெட்டி இரும்புத் தகடு. பாடல்கள் மேசைக் கணினியிலிருந்து வருகின்றன. ஒலித்தரம் எனக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் இரவில் வீடு அடங்கிய பிறகு ஸ்பீக்கரில் இடைவிடாத உறுமல் கேட்கிறது. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிக் காற்றைக் குறைத்தால் அதன்மேல் ஒரு கரகரப்பு ஏறிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் "டப்" என்று ஒரு வெடிப்பு.

இவை மூன்றையும் போக்க ஒரு மின்வடிகட்டி கட்ட நினைக்கிறேன். பழைய கணினி எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் உள்ள பவர் சப்ளை) ஒன்றிலிருந்து இரட்டைச் சுற்று சோக் (ஃபெரைட் உள்ளகத்தில் சுற்றிய கம்பிச்சுருள்) ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே போட 0.1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் இரண்டும், ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குப் போட 4.7 நானோஃபாரட், 1 கிலோவோல்ட் செராமிக் டிஸ்க் இரண்டும் கையில் உள்ளன. இவை போதுமா? தனிப் பெட்டியில் கட்டுவதா, ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே பொருத்துவதா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு தாத்தா காலத்தில் வயரிங் செய்யப்பட்டது. சாக்கெட்டின் எர்த் துளைக்கு ஒயரே வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் புறங்கை உரசினால் சுருக்கென்று இருக்கிறது, டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. டிரான்ஸ்பார்மரில் கசிவு இருக்குமோ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன், பயனில்லை.

மறுமொழி – திருச்சி

வணக்கம் நண்பரே. நீங்கள் எழுதியதில் வடிகட்டியைவிட அந்தக் கடைசிப் பத்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன், வடிகட்டியால் எது ஆகும், எது ஆகாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி (கண்டென்சர்) 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 32 கிலோ ஓம் தடையைக் காட்டும்; அதாவது அந்த அலைவெண்ணில் அது அங்கே இல்லாததற்குச் சமம். அதே மின்தேக்கி 1 மெகாஹெர்ட்ஸில் 1.6 ஓம்தான் காட்டும். சோக்கும் அப்படித்தான். அதன் இரு சுற்றுகளிலும் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று நிரவிவிடுவதால், ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்சாரத்துக்கு அது வெறும் ஒயர். இரு ஒயர்களிலும் ஒரே திசையில் ஓடி எர்த் வழியாகத் திரும்பும் உயர் அலைவெண் இரைச்சலுக்கு மட்டுமே அது முழுத் தடையாக நிற்கும். ஆகவே இந்த வடிகட்டி 50 ஹெர்ட்ஸைத் தொடாது. தொடவும் கூடாது, ஏனென்றால் உங்கள் ஆம்ப்ளிஃபயர் உயிர்வாழ்வதே அந்த 50 ஹெர்ட்ஸில்தான். கரகரப்புக்கும் "டப்" ஒலிக்கும் வடிகட்டி ஓரளவு உதவும். உறுமலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அதற்கு மூன்று சோதனைகளைச் செய்து முடிவை எழுதுங்கள். முதலில், ஆர்சிஏ பிளக் (பாட்டு சிக்னல் கேபிளின் முனை) ஒன்றில் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் பற்றவைத்து, அதை ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் செருகிக் கேளுங்கள். உறுமல் அப்போதும் இருந்தால் கோளாறு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் ரெக்டிஃபயரின் சார்ஜிங் மின்னோட்டம் ஓடும் கிரவுண்ட் ஒயரும் சிக்னல் கிரவுண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவதாக, கணினிக்குப் பதில் சார்ஜரில் செருகாத கைபேசியிலிருந்து பாட வைத்துக் கேளுங்கள். மூன்றாவதாக, கணினியிலிருந்து வரும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி மாட்டுவதற்கு முன் இரண்டு கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஆர்சிஏயில் நடு முள் முதலிலும் கிரவுண்ட் வளையம் பிறகும் தொடுவதால், மின்சாரம் இருக்கும்போது செருகினால் அந்தக் கசிவு முழுவதும் ஒரு கணம் ஐசியின் உள்ளீட்டில் பாயும்.

மறுமொழி – கோயம்புத்தூர்

திருச்சி நண்பர் கேட்ட சோதனைகளின் முடிவு வரட்டும். அதற்குள் உதிரிபாகங்களைப் பற்றி எச்சரித்துவிடுகிறேன்: கையில் உள்ள நான்கு கண்டென்சர்களில் ஒன்றைக்கூட 230 வோல்ட் பக்கம் வைக்காதீர்கள்.

400 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது டிசி அளவு. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட் என்பதால் அது போதுமென்று தோன்றும். ஆனால் மின்கம்பியில் இடியாலும் மோட்டார்களாலும் கிலோவோல்ட் அளவிலான துடிப்புகள் வந்துபோகின்றன. எக்ஸ்2 வகை மின்தேக்கியை 2.5 கிலோவோல்ட் துடிப்பிலும், ஒய்2 வகையை 5 கிலோவோல்ட் துடிப்பிலும் சோதித்துத்தான் அந்த முத்திரையைத் தருகிறார்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைப்பது எக்ஸ் வகை. அது ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், மோசமான வகையாக இருந்தால் தீப்பிடிக்கும். ஃபேஸிலிருந்து பெட்டிக்கு வைப்பது ஒய் வகை. அது ஷார்ட் ஆனால் பெட்டியே ஃபேஸ் ஆகிவிடும், மனித உயிர் அதன்மேல் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வெளியே பழுதுபார்க்கக் கொடுத்த மிக்ஸர் ஒன்றில் எக்ஸ்2 இருந்த இடத்தில் சாதாரணக் கண்டென்சரைப் போட்டுத் தந்திருந்தார்கள். ஒரு மழைக்கால இரவில் அது வெடித்து, பெட்டியின் உட்புறம் முழுதும் கரியாகிவிட்டது. அன்றிலிருந்து முத்திரையைப் படிக்காமல் எந்தக் கண்டென்சரையும் நான் பொருத்துவதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ வேறு கடைகளிலோ வாங்கும்போது "எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி" என்றும் "ஒய்2" என்றும் உடம்பிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பழைய பலகையிலிருந்து கழற்றியவை வேண்டாம்.

ஒய் மின்தேக்கிக்கு எர்த் அவசியம். ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் பெட்டியில் சேர்ந்து, பெட்டி எர்த் ஆகாமல் மிதந்தால், அது மின்னழுத்தத்தின் நடுப்புள்ளியான 115 வோல்ட்டில் போய் உட்காரும். 4.7 நானோஃபாரட் வழியே ஓடும் மின்னோட்டம் 0.34 மில்லி ஆம்பியர். அது ஒருவரைக் கொல்லாது, ஆனால் சுருக்கென்று உறைக்கும். இப்படிப் பல கருவிகள் கேபிளால் இணைந்தால் கசிவும் கூடிக்கொண்டே போகும். எர்த் இல்லாத வீட்டில் ஒய் மின்தேக்கி உள்ள வடிகட்டியைப் பொருத்துவது, இல்லாத ஷாக்கை விலைக்கு வாங்குவதாகும்.

கேட்டவர் – கும்பகோணம்

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. சோதனைகளைச் செய்துவிட்டேன். உள்ளீட்டைக் குறுக்கிணைத்தபோது ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஒலியில்லை. கைபேசியில் பாட வைத்தபோதும் உறுமல் இல்லை. கணினிக் கேபிளைக் கழற்றியதும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் டெஸ்டர் அணைந்துவிட்டது. ஆனால் கணினிப் பெட்டியில் வைத்தால் எரிகிறது. இத்தனை நாள் என் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகித்திருக்கிறேன்.

மறுமொழி – திருச்சி

நான் நினைத்தது இதுதான். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை. கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு வடிகட்டி இருக்கிறது, அதில் இரண்டு ஒய் மின்தேக்கிகள் இருக்கின்றன. நீங்கள் சோக்கைக் கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே இடத்தில் அவை இருந்திருக்கும், சிறிய நீல வட்டங்களாக. எர்த் இல்லாததால் கணினிப் பெட்டி 115 வோல்ட்டில் மிதக்கிறது. அந்தக் கசிவு ஆர்சிஏ கேபிளின் வெளிக்கவசம் வழியாக உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் வந்து, டிரான்ஸ்பார்மரின் சுற்றுகளுக்கிடையே உள்ள சிறு மின்தேக்கம் வழியாக மின்கம்பிக்குத் திரும்புகிறது. கவசத்தில் அது ஓடும்போது தோன்றும் மின்னழுத்தம் பாட்டோடு சேர்ந்து உள்ளே போகிறது. அதுவே உறுமல். நீங்கள் புறங்கையை வைக்கும்போது அந்தக் கசிவின் ஒரு பகுதி உங்கள் வழியே தரைக்குப் போகிறது. அதுவே ஷாக். இரண்டுக்கும் காரணம் ஒன்று.

ஆகவே முதல் செலவு எர்த்துக்கு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழி போட்டு, சாக்கெட் வரை பச்சை ஒயரை இழுக்கச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து "எர்த் வந்துவிட்டது" என்பார்கள். அதற்கு எந்தக் காரணம் கொண்டும் இசையாதீர்கள். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டில் உள்ள எல்லா உலோகப் பெட்டிகளும் ஃபேஸ் ஆகிவிடும்.

எர்த் வந்த பிறகு கணினியும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு சாக்கெட்டில் இருந்தால் மெல்லிய கிரவுண்ட் லூப் உறுமல் (இரு எர்த் பாதைகளும் கேபிளும் சேர்ந்து வளையமாவதால் வருவது) புதிதாக வரலாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால், பெட்டியை எர்த்துடன் நேரடியாக இணைத்தபடியே வைத்துக்கொண்டு, சிக்னல் கிரவுண்டை மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டியில் சேருங்கள். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒன்றின் இரண்டு ஏசி முனைகளையும் போட்டு, அதன் கூட்டல் கழித்தல் முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். டிரான்ஸ்பார்மர் என்றாவது உள்ளே ஷார்ட் ஆனால் அந்த டயோடுகள் முழு மின்னோட்டத்தையும் எர்த்துக்குக் கடத்தி ஃபியூஸைப் போக்கும். உறுமல் போகட்டும் என்று எர்த் பின்னை வெட்டுவதைப் பலர் செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டாம்.

மறுமொழி – கோயம்புத்தூர்

எர்த் வந்ததும் வடிகட்டியைக் கட்டலாம். ஆம்ப்ளிஃபயருக்குள், பவர் கார்டு நுழையும் இடத்திலேயே பொருத்துவதுதான் சரி. தனிப் பெட்டியில் வைத்தால் அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை போகும் ஒயர் மறுபடியும் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஃபேஸில் முதலில் ஃபியூஸ். உங்கள் டிரான்ஸ்பார்மர் 240 விஏ, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் டொராய்டல் தொடக்கத்தில் பெருமளவு இழுப்பதால் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (கணநேர மிகை மின்னோட்டத்தில் போகாத வகை) வேண்டும். ஃபியூஸுக்குப் பிறகே எம்ஓவி (உயர் மின்னழுத்தத் துடிப்பை உறிஞ்சும் பாகம்) வர வேண்டும். பலரும் 275 வோல்ட்டுக்கான 14டி431 போடுவார்கள். நம் ஊர்களில் நள்ளிரவில் மின்னழுத்தம் ஏறுவதை மனத்தில் கொண்டு 300 வோல்ட்டுக்கான 14டி471 போடுவதையே நான் விரும்புவேன். அடுத்து 0.47 மைக்ரோஃபாரட் எக்ஸ்2. அதற்கு இணையாக 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு தொடராக. பிளக்கை உருவிய பின் முள்ளைத் தொட்டால் ஷாக் அடிக்காமல் மின்தேக்கியை இவை ஒரு நொடிக்குள் காலியாக்கிவிடும். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று தனியாக 325 வோல்ட் உச்சத்தைத் தாங்காது என்பதால்தான் இரண்டு. அதன்பின் சோக், பிறகு 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2, கடைசியில் இரண்டு ஒய்2 மின்தேக்கிகள் பெட்டிக்கு. 2.2 நானோஃபாரட் போதும், கசிவு 0.16 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும்.

சோக்கின் இரு சுற்றுகளில் ஒன்றைத் தலைகீழாக இணைத்துவிட்டால், நிரவ வேண்டிய காந்தப்புலங்கள் கூடிக்கொண்டு ஃபெரைட் திணறிவிடும், சோக் பயனற்றுப் போகும். எல்சிஆர் மீட்டர் (சுருளின் தூண்டல் மதிப்பை அளக்கும் கருவி) இருந்தால், ஃபேஸிலும் நியூட்ரலிலும் எப்படி வரப்போகிறதோ அப்படியே வைத்து, டிரான்ஸ்பார்மர் பக்கத்து இரண்டு முனைகளையும் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு, சாக்கெட் பக்கத்து இரண்டு முனைகளில் அளவிடுங்கள். மிகச் சிறிய மதிப்பு வந்தால் இணைப்பு சரி. ஒரு சுற்றின் மதிப்பைப்போல் நான்கு மடங்கு வந்தால் ஒன்றைத் திருப்ப வேண்டும்.

பொருத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். ஒய்2 கால்கள் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும், அந்த ஒயர் நீண்டால் உயர் அலைவெண்ணில் அதுவே தடையாகிவிடும். வடிகட்டிக்குள் வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். இரைச்சல் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே தாவிவிடும். வேலை முடிந்ததும் 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரியஸ் போர்டு வழியாகவே முதல் முறை மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நலம், முழு ஒளியில் நின்றுவிட்டால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள்.

என் சொந்தக் கருத்து ஒன்று: இவ்வளவையும் ஒரு சிறு உலோகக் கூட்டுக்குள் அடைத்து, பவர் கார்டு சாக்கெட்டோடு சேர்த்து ஷாஃப்னர் போன்ற நிறுவனங்கள் ஆயத்தமாகவே விற்கின்றன. முதன்முறை கட்டுபவர் 3 அல்லது 6 ஆம்பியர் அளவில் அதை வாங்கிப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். கரகரப்புக்கு வேரிலேயே வைத்தியம் உண்டு. உங்கள் ரெகுலேட்டர் டிரையாக் (மின்னணு சுவிட்ச்) வகை. ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டித் திறப்பதால்தான் அது இரைகிறது. படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் அப்படி வெட்டுவதில்லை.

கேட்டவர் – கும்பகோணம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. எர்த் குழி போட்டாயிற்று. ஆர்சிசிபியும் வந்துவிட்டது. அன்று மாலையே உறுமலும் ஷாக்கும் ஒருசேரப் போய்விட்டன. அப்போது வடிகட்டியை நான் தொடக்கூட இல்லை. பிறகு ரெகுலேட்டரை மாற்றினேன், கரகரப்பு நின்றது. ஆயத்த வடிகட்டியை நேற்றுப் பொருத்தினேன். ஃப்ரிட்ஜின் "டப்" மட்டும் பாதியாகக் குறைந்து இன்னும் இருக்கிறது.

மறுமொழி – திருச்சி

நல்ல செய்தி. அது பழைய தெர்மோஸ்டாட் உள்ள ஃப்ரிட்ஜாக இருக்க வேண்டும். தொடுமுனை பிரியும்போது தெறிக்கும் தீப்பொறிதான் அந்த ஒலி. 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ஒன்றோடு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, ஃப்ரிட்ஜ் செருகும் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, மூடிய பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். அதிலும் மிஞ்சினால் அதே ஜோடியைத் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே போட வேண்டியிருக்கும். அதை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.