குப்பைமேட்டில் பிள்ளைகள்: எந்தப் புகார் எங்கே போக வேண்டும்?

வார்டுக்காரர்:
சென்னையில் தொட்டியைக் கிளறும் சிறுவர்களைப் பார்த்ததும் மாநகராட்சிப் புகார் எண்ணான 1913-க்கு அடித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மாநகராட்சிக்குக் குப்பைதான் வேலை. லாரி வந்து அள்ளும், புகார் முடிந்ததாகக் குறுஞ்செய்தி வரும், பிள்ளைகள் அடுத்த தொட்டிக்கு நகர்ந்திருப்பார்கள். குப்பைக்கு 1913, பிள்ளைக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

குப்பைப் புகாரில் தெருப்பெயர் மட்டும் போதாது, எதிர்வீட்டுக் கதவு எண்ணும் வேண்டும். தொட்டி வழிகிறதா, தெரு பெருக்கவில்லையா, கட்டட இடிபாடா என்று பிரித்துச் சொல்லுங்கள். இடிபாட்டுக்கு வேறு வண்டி. அதைக் குப்பை என்று பதிந்தால் வந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

புகாருக்கு எடுக்கும் படத்தில் பிள்ளையின் முகம் விழக்கூடாது. அதை வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டால் சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ஆம் பிரிவில் சிக்கல் வரலாம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம்.

மாவட்டத்துக்காரி:
1098-இல் என்ன சொல்வது என்று பலருக்குத் தெரிவதில்லை. சரியான இடம், பிள்ளைகள் வரும் நேரம், உத்தேச வயது, கூடப் பெரியவர் உண்டா, என்ன மொழி பேசுகிறார்கள், பொறுக்கியது எந்தக் காயலான் கடைக்குப் போகிறது. நேரம்தான் முக்கியம். விடியற்காலை வரும் பிள்ளையை மதியம் தேடினால் கிடைக்காது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கும் வேலை வேண்டாம். ஒருதரம் மிரண்டால் அந்தப் பக்கமே வராது.

மீட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் (பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் மாவட்டக் குழு) நிறுத்த வேண்டும். "இன்று குழு கூடவில்லை" என்பது காரணமே அல்ல. அமர்வு இல்லாத நாளில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தலாம், சிறார் நீதிச் சட்டம் 28-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இது தெரியாமல் பிள்ளையைக் காவல் நிலையத்தில் காக்கவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. பிள்ளையின் வீடு, சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், முழு விசாரணைக்கு நான்கு மாதம். வீட்டாரிடமே ஒப்படைப்பதும் உண்டு, எல்லாப் பிள்ளையும் குழந்தைகள் இல்லத்துக்குப் போவதில்லை.

பழைய குமாஸ்தா:
குப்பை திரும்பத் திரும்பச் சேர்ந்தால் 1913-ஐ நம்பி உட்காராதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் பிரிவு) கோட்டாட்சியரிடம் மனு போடலாம். தேதியிட்ட படங்கள், புகார் எண்கள், அக்கம்பக்கத்தார் கையெழுத்து இணையுங்கள். "நிதி இல்லை" என்ற பதில் செல்லாது. ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பெழுதியவர் கிருஷ்ணய்யர்.

மாவட்டத்துக்காரி:
ஒன்று விட்டுப்போச்சு. இல்லத்தில் சேர்த்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சிறார் நீதிச் சட்டம் 54-ஆம் பிரிவுப்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர். போனார்களா என்று தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள். ஆய்வு நடந்த தேதிகள், வந்தவர்களின் பதவி, அறிக்கை கொடுத்த நாள், இந்த மூன்றையும் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர், விவரம் கேட்டால் மனுவைத் திருப்பிவிட அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.