தடைக்காலத்தில் கன்டம்: கரையோர ரசிகர்களின் அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து:

கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ போர்க் கார்ட்டூன் (அனிமே) தொடரின் பெயரால் நம் கரையில் நடக்கும் சண்டைகளை நேரில் பார்த்தவர்கள் எழுதலாம் என்று முடிவானதால் நானே தொடங்கிவைக்கிறேன். வெளியூர் ரசிகர்கள் இவற்றைப் பழைய தொடரா புதிய தொடரா என்ற வழக்கமான விவாதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இராமேசுவரம் தீவில் ஒரு ரசிகர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை, அவர் எந்தத் தொடரை முதலில் பார்த்தார் என்பதைவிட, அவர் வீட்டில் எந்தப் படகு நிற்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தானே தவிர நாட்டுப்படகுகளுக்கு இல்லை. அந்த இரண்டு மாதத்தில் கையில் வேலையில்லாத விசைப்படகு வீட்டுப் பிள்ளைகள், வலை பின்னும் கொட்டகையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, 1979ஆம் ஆண்டின் முதல் தொடரை முழுவதுமாகத் திரையிடுவது என்று தீர்மானித்தார்கள். முதலில் 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டு, பார்வையாளர்களும் குறைந்து விளம்பரதாரரான பொம்மை நிறுவனத்தின் விற்பனையும் படுத்ததால் 43 பகுதிகளோடு முடிக்கப்பட்ட தொடர் அது. மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டிரண்டு பகுதிகளாகப் போட்டால் தடைக்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் அந்த நேரத்தில்தான் நாட்டுப்படகுப் பையன்கள் வலையை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். விட்டுப்போன பகுதிகளைக் காலையில் ஒருமுறை மறுபடி போடும்படி அவர்கள் கேட்டதற்கு, "கதையைச் சொல்லிடுறோம்பா, அப்புறம் என்ன" என்று பதில் வந்தது. விரோதத்தின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது.

அவர்கள் கோபித்துக்கொண்டு, 1981லும் 1982லும் வெளிவந்த அந்தத் தொடரைச் சுருக்கிய மூன்று தொகுப்புப் படங்களைக் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துவிட்டு வந்தார்கள். உடனே, படம் பார்த்தவன் தொடரைப் பார்த்தவனாக மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் பிறந்தது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தப் படங்களையும் தொடரை இயக்கிய தொமினோ யொஷியுகிதான் உருவாக்கினார் என்றும், 1981 பிப்ரவரி 22ஆம் தேதி டோக்கியோவின் ஷிஞ்சுகுவில் இளைஞர்கள் திரண்டு அனிமேவின் புதிய யுகத்தை அறிவித்தது முதல் படத்தை ஒட்டித்தான் என்றும் திருப்பிக் கொடுத்தார்கள். வாதத்தில் அவர்கள்தான் வென்றார்கள் என்பது என் கருத்து. நான் விசைப்படகு வீட்டுக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பதினைந்தாம் பகுதி வந்தது. போரைவிட்டு ஓடிவந்த குக்குருஸ் டோவான் என்ற, எதிரித் தரப்பான ஸியோனின் வீரன், பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஒரு தீவில் வைத்துக் காப்பாற்றும் கதை. மூக்கு நீண்டு உடல் மெலிந்து கோணலாக வரையப்பட்டிருக்கும் அவனுடைய ஸாகு என்ற போர் ரோபோவை உலகமெங்கும் கேலி செய்திருக்கிறார்கள். அமெரிக்க வெளியீட்டில் அந்தப் பகுதியே இல்லை; தொகுப்புப் படங்களிலும் சேர்க்கப்படவில்லை. கொட்டகையில் மூத்தவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அன்று காற்று மாறியதால் கடலுக்குப் போகாமல் வந்திருந்த நாட்டுப்படகுப் பையன்கள் சிரிக்கவில்லை. கடைசியில் தொடரின் நாயகன் அமுரோ அந்த ஸாகுவைத் தூக்கிக் கடலில் எறிகிறான். அது இருக்கும்வரை போர் தேடி வந்துகொண்டேயிருக்கும் என்பது அவன் நினைப்பு. பக்கத்திலிருந்த ஒருவன், "எஞ்சினக் கழட்டி வச்சுக்கிட்டு மிச்சத்தப் போட்டிருக்கலாம்" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டான். பழைய எஞ்சினின் விலை தெரிந்த பார்வையாளனுக்கு அந்தத் தியாகத்தின் அளவு மற்றவர்களைவிட நன்றாகவே புரியும். இதே கதையை யசுஹிகோ யொஷிகஸு 2022இல் முழுநீளப் படமாக இயக்கியிருக்கிறார். அந்தப் படத்தை இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

படகுக் கணக்கு தீவுக்குப் பொருந்தலாம். எங்கள் ஊரில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. என் மாமா ஊருக்கு வரும்போது பெட்டியில் சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவே ஒரு கன்ப்லா (பாகம் பாகமாகக் கோத்துச் செய்யும் கன்டம் பிளாஸ்டிக் பொம்மை) பெட்டியை வைத்துக் கொண்டுவருவார். 2020இல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. 2021 தொடக்கத்திலிருந்து தர முத்திரையும் கட்டாயமாகிவிட்டது. அதன்பின் பயணப்பெட்டிதான் எங்களுக்குத் துறைமுகம். இதனால் மாமா உள்ளவர் பெரிய ரசிகர், மாமா இல்லாதவர் சின்ன ரசிகர் என்ற ஓர் அபத்தமான வரிசை உருவாகிவிட்டது. கன்ப்லா என்னிடம் இருந்தும் அந்த வரிசையை நான் வெறுக்கிறேன்.

என்னைச் சோதித்த கதை வேறு. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘புதன் கிரகத்திலிருந்து வந்த சூனியக்காரி’ வழியாகத்தான் நான் கன்டத்துக்குள் வந்தேன். முதன்மைத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு பெண்ணை நாயகியாகக் கொண்ட முதல் கன்டம் அது. இதைச் சொன்னதும், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத அண்ணன் ஒருவர், அமுரோவின் தந்தை பெயர் என்ன, முதல் தொடரில் அமுரோ இருக்கும் வெள்ளைத்தளக் கப்பலின் தலைவர் யார் என்று கேட்கத் தொடங்கினார். டெம் ரே, பிரைட் நோவா என்று சொன்னேன். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று நீண்டுகொண்டே போனது. ஆண்பிள்ளைகள் எவரையும் அவர் இப்படி நிறுத்திவைத்துக் கேட்டதை நான் பார்த்ததில்லை. கடைசியில் நான் அவரிடம், என் தொடரின் நாயகி சுலெட்டாவின் தாய் யார் என்று கேட்டேன். அவர் அந்தத் தொடரையே பார்க்கவில்லையாம்.

அந்தத் தொடரின் முடிவில் சுலெட்டாவும் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் மியோரினும் மோதிரம் அணிந்திருப்பார்கள். 2023 கோடையில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இருவரின் திருமணத்தைக் குறித்த சொல் மின்பதிப்பில் நீக்கப்பட்டதும், முடிவைப் பார்வையாளரின் புரிதலுக்கே விடுகிறோம் என்று தயாரிப்புத் தரப்பு சொன்னதும் உலகம் முழுவதும் ரசிகர்களைக் கொதிக்க வைத்தன. எங்கள் வட்டத்தில் ஆண்கள் அதைப் பற்றி உரக்கப் பேசினார்கள், சிலர் ஆதரித்தும் சிலர் முகம் சுளித்தும். பெண்கள் நாங்கள் நான்கைந்து பேர் தனியாக ஒரு குழு தொடங்கி அங்கே பேசிக்கொண்டோம். அங்கே என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பாம்பனிலிருந்து:

நான் ஃபைபர் படகு வேலை செய்பவன். கன்ப்லா வாங்க வசதியில்லாததால் ஸாகுவின் தலையை நானே செய்தேன். தெர்மாகோலைச் செதுக்கி அச்சு எடுத்தேன். ரெசின் நேராகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும் என்பதால் அதன்மேல் பழுப்பு டேப்பை இடைவெளியில்லாமல் சுற்றி, மேட் துணியைக் கிழித்துக் கிழித்துப் பரப்பி, காற்றுக்குமிழி நிற்காமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசின் ஏற்றினேன். காய்ந்தபின் உப்புத்தாள் தேய்த்து, படகுக்கு அடித்து மீந்த பச்சையை அடித்தேன். ஒற்றைக் கண்ணுக்கு, இரவில் வலை மிதவையில் கட்டும் சிவப்பு மினுக்கு விளக்கைப் பொருத்தினேன். தலையில் மாட்டிக்கொள்ளலாம். ரெசின் நாற்றம் போக நாளாகும், அவ்வளவுதான்.

கன்ப்லா பெட்டி வைத்திருப்பவர்கள் இது கன்ப்லா ஆகாது என்று காட்சி மேசையில் இடம் தர மறுத்துவிட்டார்கள். பாகத்துக்கு எண் கிடையாதாம், அளவு விகிதம் கிடையாதாம். 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வந்த முதல் கன்ப்லாதான் நின்றுபோன தொடரைப் பிழைக்க வைத்தது என்று அவர்களே எனக்குப் பாடம் எடுத்தார்கள். பிள்ளைகள் கைக்காசில் வாங்கும் விலைக்கு விற்றதனால்தானே அது பிழைத்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. தலை இப்போது என் மருமகனிடம் இருக்கிறது.

மண்டபத்திலிருந்து:

நான் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன். என் அனுபவம் பன்னிரண்டாம் பகுதியைச் சேர்ந்தது. தம்பி கார்மாவின் இறுதிச் சடங்கில் ஸியோனின் படைத்தலைவன் கிஹ்ரன் மக்கள்முன் ஆற்றும் உரையை அனிமே ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கொட்டகையில் அந்தக் காட்சி வந்ததும் ஸியோன் சின்னம் போட்ட பனியனோடு வந்திருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து கையை உயர்த்தி முழக்கமிட்டார்கள். என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த சின்னம்மா வாசலில் நின்று திரையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "தம்பி செத்த வீட்டில இவ்வளவு நேரம் கதைக்கிறானே, அழ மாட்டானாமோ?" என்று கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவன் மட்டும் இறக்கவில்லை.

அவனோடுதான் எனக்குச் சண்டை. எதிரிப் படையையும் மனிதர்களாகக் காட்டியதே இந்தத் தொடரின் பெருமை, ஆகவே ஸியோனை விரும்புவதில் என்ன தப்பு என்பது அவன் வாதம். ஸியோன் வீரன் ரம்பா ராலை எனக்கும் பிடிக்கும். அவன் சாகும் காட்சியில் நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் போரின் தொடக்கத்திலேயே விண்வெளிக் குடியிருப்பு ஒன்றைப் பூமியின்மீது விழவைத்துக் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற தரப்பு அது. பெற்ற தகப்பனே கிஹ்ரனை ஹிட்லரோடு ஒப்பிட்டுப் பேசும் காட்சியும் அதே தொடரில்தான் இருக்கிறது. ராலுக்காக அழுவதையும் கிஹ்ரனுக்காகக் கை தூக்குவதையும் ஒன்றாகக் கட்டுவது, தொடரைப் பார்த்தவன் செய்கிற வேலையாக எனக்குத் தெரியவில்லை. முழக்கத்தைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் முகாம் ஆட்கள் வந்திருக்கும் நாளில் வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மறுபடியும் தங்கச்சிமடத்திலிருந்து:

டோவான் படத்துக்கு நாள் குறிப்பதில் வந்து நிற்கிறோம். திங்கள், புதன், சனி விசைப்படகு போகும் நாள்கள். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு உரியவை. இரு தரப்பும் கரையில் இருக்கும் நாள் என்றால், காற்று எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாள்தான். அன்றே போட்டுவிடலாம் என்பது என் யோசனை. கீழக்கரைச் சகோதரியும் தோழிகளும் வர விரும்பினால் முன்வரிசையில் இடம் உண்டு, கேள்வி எதுவும் கேட்க மாட்டோம். ஸாகுத் தலையையும் கொண்டுவரவும்.

பாம்பனிலிருந்து:

எச்சரிக்கை வரும் நாளில் கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் என்னிடம் இருக்கிறது. டீசலை விசைப்படகு வீட்டார் ஊற்ற வேண்டும்.