கிரெடிட் கார்டு ஆவணங்களை வீட்டில் ஒழுங்காகவும் பாதுகாப்பாகவும் வைத்திருப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என் பெயரிலும் என் மனைவியின் பெயரிலுமாக எங்களிடம் நான்கு கிரெடிட் கார்டுகள் உள்ளன. இரண்டுக்கு ஸ்டேட்மென்ட் தபாலில் வருகிறது. மற்ற இரண்டுக்கு மின்னஞ்சலில் வருகிறது. கடை ரசீதுகள், பின் எண் அச்சிட்ட கடிதங்கள், முன்பு மூடிய ஒரு கார்டு தொடர்பான கடிதங்கள் எல்லாம் ஒரே இழுப்பறையில் சேர்ந்து கிடக்கின்றன. கார்டு தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி (கார்டில் அச்சிட்டிருக்கும் ரகசியச் சரிபார்ப்பு எண்) ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறோம். இவற்றில் எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லதா?

பதில் 1

முதலில் அந்த நோட்டைக் கவனியுங்கள். அந்த இழுப்பறையிலேயே ஆபத்தான பொருள் அதுதான். கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்து கிடைத்தால், ஓடிபி கேட்காத இணையதளங்களில் அவர் தாராளமாகப் பொருள் வாங்கிவிடலாம். கார்டு தகவல்களைப் பாதுகாக்கக் கார்டு நிறுவனங்கள் வகுத்த பிசிஐ டிஎஸ்எஸ் விதிகளின்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு வணிகர்கள்கூட சிவிவியைச் சேமித்து வைக்கக் கூடாது. அவர்களுக்கே அனுமதி இல்லாததை நாம் நோட்டில் எழுதி வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தொலைந்த கார்டை முடக்குவதற்கு சிவிவி தேவையே இல்லை. நீங்கள்தான் கார்டுக்கு உரியவர் என்பதை வங்கி உறுதி செய்துகொண்டதும், எந்தக் கார்டு என்று தெரிவிக்கக் கடைசி நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் போதும். ஆகவே அந்த நோட்டைக் கிழித்து அழித்துவிட்டு, ஒரே ஒரு தாளில் ஒவ்வொரு கார்டுக்கும் வங்கியின் பெயர், கடைசி நான்கு இலக்கங்கள், இருபத்துநான்கு மணி நேர உதவி எண், ஸ்டேட்மென்ட் தேதி, பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி, அந்தக் கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்கள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சந்தாப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். கார்டு எண் மாறும்போது எங்கெல்லாம் புதிய எண்ணைத் தர வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். இந்தத் தாளை ஒருவர் திருடிச் சென்றாலும் அதை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் ஒரு பொருளும் வாங்க முடியாது.

பின் எண் கடிதத்தை, எண்ணை மாற்றிய அன்றே அழித்துவிடலாம். சாதாரணக் கடை ரசீதை ஸ்டேட்மென்ட் வரும்வரை வைத்திருந்து, தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு எறிந்துவிடலாம். உத்தரவாதம் உள்ள பொருள்களின் ரசீதுகளும், வரிக்கணக்கில் காட்ட வேண்டிய செலவுகளின் ரசீதுகளும் இதற்கு விதிவிலக்கு. திருப்பித் தர வேண்டிய பணம் பாக்கியிருந்தால் அந்த ரசீதைத் தனியே வையுங்கள், ஏனென்றால் அந்த வரவு பல நேரங்களில் அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில்தான் வரும், அதற்குள் நாம் அதை மறந்துவிடுவோம். ஸ்டேட்மென்ட்டுகளை ஓராண்டுக்காவது வைத்திருங்கள். வரி தொடர்பானவற்றை உங்கள் நாட்டின் வரிச் சட்டம் சொல்லும் காலம்வரை வைத்திருங்கள். மூடிய கார்டுக்கு, கணக்கு முடிக்கப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தந்த கடிதத்தை மட்டும் ஒருபோதும் எறியாதீர்கள். பழைய பாக்கி என்று சொல்லிக்கொண்டு வசூல் முகவர் யாராவது பின்னாளில் வந்தால், உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

பதில் 2

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ரசீது விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். கடைகளில் தருவது பெரும்பாலும் தெர்மல் தாள். அதில் மை கிடையாது, சூடு பட்டுத்தான் எழுத்து உருவாகிறது. ஆகவே வெயிலிலும் சூட்டிலும், சில வகைப் பிளாஸ்டிக் உறைகளிலும் எழுத்து மங்கிவிடும். உத்தரவாத ரசீதைப் பத்திரமாக வைக்கிறோம் என்று பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிட்டுப் பிறகு எடுத்துப் பார்த்தால் வெற்றுத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்வது நல்லது.

கணினியில் வைப்பதானால் கோப்பின் பெயரை '2025-03_4471_ஸ்டேட்மென்ட்' என்பதுபோல ஆண்டு, மாதம், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ற வரிசையில் அமையுங்கள். கோப்புகள் தாமாகவே தேதிவாரியாக நின்றுவிடும். ஸ்டேட்மென்ட் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பல வங்கிகள் அதைப் பெயரின் முதல் எழுத்துகளையும் பிறந்த தேதியையும் சேர்த்தே அமைக்கின்றன, அவை உங்களை அறிந்த எவருக்கும் தெரியும். கணினியின் வட்டையே முழுமையாக என்க்ரிப்ட் செய்யுங்கள், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுங்கள். சில விண்டோஸ் பதிப்புகளில் பிட்லாக்கரும், மேக்கில் ஃபைல்வால்ட்டும் இதற்காகவே உள்ளன. கார்டைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நாம் அறியாமலேயே அந்தப் படம் கிளவுடுக்குப் போய், குடும்பத்தார் எல்லோரும் பார்க்கும் ஆல்பத்தில் வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நோட்டை அழித்துவிடுகிறோம். தாள்களைக் கிழிக்க எந்த வகை இயந்திரம் வாங்கலாம்? தீப்பிடிக்காத பெட்டி ஒன்றும் வாங்க எண்ணியிருக்கிறோம், பென் டிரைவையும் அதிலேயே வைக்கலாமா?

பதில் 3

நீளவாக்கில் பட்டைகளாக வெட்டும் இயந்திரம் வேண்டாம். பொறுமையுள்ள ஒருவர் அந்தப் பட்டைகளை மீண்டும் அடுக்கிப் படித்துவிடலாம். குறுக்கு வெட்டு வகையில், டிஐஎன் 66399 என்ற ஜெர்மன் தரத்தின்படி பி-4 (தாளைச் சிறு துண்டுகளாக்கும் நிலை) என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள், வீட்டுக்கு அது போதும். காலாவதியான கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டினால், வெட்டு சிப்பின் நடுவிலும் காந்தப் பட்டையின் குறுக்கிலும் விழ வேண்டும். எண்ணை மட்டும் வெட்டிப் பயனில்லை.

பெட்டி வாங்கும்போது அதன் தரக் குறியீட்டைப் பாருங்கள். காகிதத்துக்கான பெட்டிகள், தீயின்போது உள்வெப்பம் சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் காக்கும் அளவுக்குத்தான் சோதிக்கப்படுகின்றன. சாதாரணக் காகிதம் அதைத் தாங்கும், ஆனால் தெர்மல் ரசீது அதற்கு வெகு முன்பே கறுத்துவிடும், பென் டிரைவும் பிழைப்பது சந்தேகமே. கணினிச் சேமிப்புப் பொருள்களுக்கு உள்வெப்பத்தை 52 டிகிரிக்குள் வைத்திருக்கும் தனி வகைப் பெட்டி உண்டு, விலை கணிசமாகக் கூடுதல். அதைவிட, என்க்ரிப்ட் செய்த இன்னொரு நகலை வேறோர் இடத்தில் வைப்பது எளிது. அதன் பாஸ்வேர்டு உங்கள் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். மறந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால் ஒட்டி மூடிய உறையில் எழுதி, நகல் இருக்கும் இடத்தில் அல்லாமல் உங்கள் வீட்டுப் பெட்டியில் வையுங்கள்.