'தி கூஸ் கேர்ள்' நாவல்: வாசித்தவர்களின் அனுபவங்கள்

மழைத்தூறல்:

ஷானன் ஹேல் எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கூஸ் கேர்ள்' நாவலை இங்கு உள்ளவர்களில் சிலராவது படித்திருப்பீர்கள். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஒரு தேவதைக் கதையை எடுத்துக்கொண்டு இளையோருக்காக விரித்து எழுதப்பட்ட இந்நூல்தான் அவருடைய முதல் நாவல். இதை எந்த வயதில் படித்தீர்கள், எந்த இடத்தில் அது உங்களை உள்ளே இழுத்தது அல்லது எந்த இடத்தில் சலிப்பூட்டியது என்று விரிவாக எழுத வேண்டுகிறேன். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருக்கும் என்பதால், இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் படித்து முடித்த பிறகு இப்பக்கம் வருவது நல்லது.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே தயங்குகிற பள்ளிப் பருவத்தில் இந்த நாவல் என் கைக்கு வந்தது. இளவரசியின் சாகசம் என்றதும், அழகும் துணிச்சலும் சாமர்த்தியமான பேச்சும் ஒருங்கே வாய்த்த ஒருத்தியை எதிர்பார்த்துத்தான் பிரித்தேன். அனி அப்படிப்பட்டவள் அல்லள். கில்டென்ரி நாட்டின் பட்டத்து இளவரசியாகப் பிறந்து, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து, பின்னர் அத்தையிடமிருந்து அன்னங்களின் மொழியைக் கற்றுக்கொள்கிற அந்தப் பெண்ணுக்கு, அரசவை விருந்தினர் முன்னால் இரண்டு வார்த்தை பேச நா எழுவதில்லை. அவளுடைய தாயான அரசிக்கோ கேட்பவர் மனத்தைத் தன் பேச்சினால் வசப்படுத்தும் வரம் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அருகிலேயே இருக்கும் தோழி செலியாவுக்கும் அதே வரம். பேச்சில் வல்ல இந்த இருவருக்கும் நடுவில் வளர்கிற ஒரு பெண், தன்னிடம் இருப்பதை வரம் என்று எப்படி நினைப்பாள்? பறவைகளோடு பேசக் கூடாது என்று தாய் தடை விதிக்கும்போது, தனக்கு இயல்பாக வந்த ஒரே பேச்சும் அவளுக்குக் குற்றமாகிவிடுகிறது.

பட்டம் உனக்கில்லை, உன் தம்பிக்குத்தான்; உன்னைப் பேயர்ன் நாட்டு இளவரசனுக்கு மணம் பேசியாகிவிட்டது என்று தாய் அறிவிக்கும் காட்சியில் அனிக்குச் சினம்கூட ஒழுங்காக வருவதில்லை. மணப்பயணத்தின் நடுவே காட்டில் செலியாவும் அவள் பக்கம் சாய்ந்த காவலர்களும் கலகம் செய்யும்போதும் அவள் வாளை உருவுவதில்லை, ஓடுகிறாள். இந்த ஓட்டம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பின்னர் பேயர்ன் தலைநகரில் இசி என்ற பெயரில், மஞ்சள் நிறக் கூந்தலைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு வாத்து மேய்க்கும் காலத்தில், இரவு நேரங்களில் வேலையாட்கள் நடுவே உட்கார்ந்து அத்தையிடம் கேட்ட கதைகளைச் சொல்லத் தொடங்குகிறாள். அவளைக் கேட்பதற்கென்று ஒரு கூட்டம் அமைவது அங்கேதான். கூச்சம் ஒரே நாளில் தீர்ந்துபோனதாக ஹேல் காட்டவில்லை என்பதால்தான் நான் அதை நம்பினேன்.

ஏட்டுச்சுவடி:

நான் வந்த வழி வேறு. கிரிம் தொகுப்பைப் பலமுறை படித்த பிறகே இந்த நாவலை எடுத்தேன் என்பதால், என் வாசிப்பு முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாசிப்பாகவே அமைந்துவிட்டது.

மூலக்கதை 1815இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றது. பிற்காலப் பதிப்புகளில் அதன் எண் 89. ஜெர்மனியின் காசெல் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த டோரோத்தியா ஃபீமான் என்ற பெண்மணி கிரிம் சகோதரர்களுக்குச் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. கதையில் இளவரசிக்குப் பெயரே கிடையாது; பேசும் குதிரைக்குத்தான் ஃபலாடா என்று பெயர் உண்டு. தாய் தன் இரத்தத்தில் மூன்று துளியைக் கைக்குட்டையில் விட்டுக் கொடுத்தனுப்புகிறாள். ஓடையில் நீர் அருந்தும்போது அது தொலைகிறது. அந்தக் கணமே பணிப்பெண்ணின் கை ஓங்கிவிடுகிறது. உடையையும் குதிரையையும் பறித்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று திறந்த வானத்தின் கீழ் சத்தியமும் வாங்கிக்கொள்கிறாள். இவ்வளவும் இரண்டு பக்கங்களுக்குள் நடந்து முடிந்துவிடும்.

அந்தக் கதையில் ஒரு சிறு நிகழ்ச்சி வரும். புல்வெளியில் இளவரசி கூந்தலை அவிழ்த்ததும், அந்தப் பொன்னிற முடியில் இரண்டொன்றைப் பிடுங்கிக்கொள்ள வாத்துக்காரப் பையன் கை நீட்டுவான். அவள் ஒரு பாட்டைச் சொல்வாள், காற்று எழுந்து அவனுடைய தொப்பியை அடித்துக்கொண்டு போகும், அவன் அதைத் துரத்திவிட்டு வருவதற்குள் அவள் பின்னி முடித்திருப்பாள். காற்று ஏன் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது என்று மூலக்கதை விளக்குவதில்லை. விளக்கம் கேட்பது நாட்டுப்புறக் கதையின் வழக்கமும் அன்று. ஹேலோ அந்தச் சில வரிகளிலிருந்தே நாவல் முழுவதையும் வளர்த்தெடுத்திருக்கிறார். மனிதரை ஆளும் பேச்சு, விலங்குகளோடு பேசும் பேச்சு, இயற்கையோடு பேசும் பேச்சு என்று அத்தை சொல்லும் மூன்று வகைகளும், அன்னத்திலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து வாத்துக்கும், கடைசியில் காற்றுக்கும் அனியின் செவி படிப்படியாகப் பழகுவதும், மூலக்கதை விளக்காமல் விட்ட அந்த ஓர் இடத்துக்கு அவர் எழுதிய பதில் என்றே எனக்குத் தோன்றியது. அவள் காற்றை ஏவப் பழகுவதற்கு முன்னால் அதைக் கேட்கப் பழகுகிறாள் என்ற வரிசை முக்கியமானது. செலியாவின் திறமை இதற்கு நேர் எதிரானது. தான் பேசப் பிறர் கேட்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது.

மற்றொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். சத்தியத்தை மீற முடியாத இளவரசி இரும்பு அடுப்புக்குள் தலையை விட்டுத் தன் துயரத்தைச் சொல்ல, புகைக்குழாய் வழியாகக் கிழவரான அரசர் அதைக் கேட்டு உண்மையை அறிவதாக மூலக்கதை அமைந்திருக்கிறது. நாவலில் அனி வாய் திறக்காமல் இருப்பதற்குச் சத்தியம் காரணமில்லை. இளவரசி என்ற பெயரில் செலியா அரண்மனையில் அமர்ந்திருக்கிறாள், அவளுடைய ஆட்கள் இவளைக் கொல்லத் தேடுகிறார்கள், வாத்துக்காரி ஒருத்தி சொல்வதை அரசர் ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு இவளிடம் விடையும் இல்லை. நாவலுக்கு இது பொருத்தமான மாற்றம்தான். ஆனாலும் அந்த இரும்பு அடுப்பை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு; கிரிம் தொகுப்பிலேயே அதைப் போன்ற விசித்திரமான காட்சி அதிகம் இல்லை.

ஃபலாடாவின் முடிவு மட்டும் மூலத்தைக் காட்டிலும் நாவலில்தான் கனமாக இறங்குகிறது. மூலத்தில் வெட்டப்பட்ட தலை வாயிலில் தொங்கியபடி நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால், குதிரை இறந்துவிட்டது என்பதே நமக்கு முழுமையாக உறைப்பதில்லை. அந்தக் குட்டி பிறந்த நேரத்தில் அதன் பெயரைத் தன் மனத்துக்குள் கேட்டவள் அனி என்பதை ஹேல் முன்பே நமக்குச் சொல்லிவைத்திருப்பதனால், இங்கே அந்தத் தலையைப் பார்ப்பது வேறொன்றாக இருக்கிறது.

தனிமரம்:

இருவர் எழுதியதும் நன்றாக இருக்கிறது. எனினும் எதிர்க்கருத்து ஒன்றும் இல்லாமல் போய்விடக் கூடாது.

சாகச நாவல் என்று ஒரு நண்பர் பரிந்துரைத்ததால் இதைத் தொடங்கினேன். அரண்மனையில் நடக்கும் முதல் பகுதி மிக மெதுவாக நகர்கிறது. காட்டில் கலகம் வெடிக்கும் வரை நான் இதை இருமுறை மூடி வைத்தேன். கலகக் காட்சி உண்மையிலேயே அச்சமூட்டுகிறது என்பதை மறுக்கவில்லை, அதற்குப் பிறகு கதை ஓடவும் செய்கிறது. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் இளவரசனின் காவலன் என்று சொல்லிக்கொண்டு கெரிக் வந்து நின்ற உடனேயே அவன்தான் அந்த இளவரசன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கதாநாயகிக்கு மட்டும் அது கடைசி வரை தெரியாமல் இருப்பது வாசகரின் பொறுமையைச் சோதிக்கிறது.

இதைவிடப் பெரிய குறை செலியா. பிறப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இளவரசியைவிடத் தகுதி மிக்க ஒருத்தி, சிறு வயது முதல் இன்னொருத்திக்கு உடை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் அவளுக்காகப் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறாள். அவளுடைய மனக்கசப்புக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஆசிரியர் அவளுக்கு ஓர் அத்தியாயமாவது கொடுத்து அவள் பக்கத்துக் கதையைச் சொல்ல விட்டிருந்தால் நாவல் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். இப்போது இருக்கும் நிலையில், இனிக்க இனிக்கப் பொய் பேசும் வில்லியாகவே அவள் முடிந்துபோகிறாள்.

மழைத்தூறல்:

கெரிக் விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், தனிமரம் அவர்களே. செலியா விஷயத்தில் பாதிதான். பேச்சினால் பிறரை வசப்படுத்தும் வரம் அரசிக்கும் உண்டு. அவள் அதை வைத்து நாட்டை ஆள்கிறாள், மகளையும் ஆள்கிறாள். செலியா செய்வதை அதிகாரம் உள்ள ஒருத்தி செய்தால் அதற்கு ஆட்சித்திறன் என்று பெயர் கிடைக்கிறது என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், அந்த இருவரையும் அருகருகே நிறுத்தியிருக்கிறார். நீங்கள் மெதுவாக நகர்வதாகச் சொல்லும் முதல் பகுதியை நான் விடாமல் படித்ததற்கு இதுவே காரணம்.

அந்திவானம்:

என் மகளுக்கு இரவில் சிறிது சிறிதாக வாசித்துக் காட்டிய நூல் இது. அவளுக்கு வயது பதினொன்று. செலியாவின் நியாயமோ கிரிம் கதையோ அவளுக்குப் பொருட்டாக இல்லை, வாத்துகள்தாம் பொருட்டு. வாத்துகள் அனியைக் கடித்து விரட்டுவதும், அவற்றின் ஒலிகளை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்வதும், தன்னைவிட அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று உடன் வாத்து மேய்க்கும் பையன் கான்ராட் பொருமுவதும் வரும் பக்கங்களைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். காவலர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் பகுதியில் சில வரிகளை நான் சொல்லாமல் தாண்டிவிட்டேன். இதன் தொடர்ச்சியாகச் சில நூல்கள் இருப்பதாக அறிகிறேன். அடுத்த நூலை இப்போதே அவளுக்கு வாசிக்கலாமா என்று படித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:

இளவரசியைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதால், அவளோடு வேலை செய்தவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். காட்டுப்பகுதியிலிருந்து பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து, விலங்குகளை மேய்த்துக்கொண்டு நகர மதிலை ஒட்டி வாழும் அந்த இளைஞர்களுக்கு அரசர் ஈட்டியும் கேடயமும் வழங்கியிருக்க மாட்டார். அவை இல்லாத ஆண், நகரத்தாரின் கணக்கில் முழு ஆண் அல்லன். திருமணம்கூடச் செய்துகொள்ள முடியாது. வேலை மட்டும் அவனிடம் வாங்கப்படும். இந்த ஏற்பாட்டை ஆசிரியர் எங்கும் விரிவுரையாக நிறுத்திச் சொல்லாமல், ராஸோ போன்ற பையன்களின் கேலிப் பேச்சுக்கு நடுவே நமக்குத் தெரியவைக்கிறார். நான் வேலை தேடி ஊர் மாறி வந்து, பலரோடு ஓர் அறையில் தங்கியிருந்த காலத்தில் இந்த நாவலைப் படித்தேன். எனவே அரண்மனைப் பகுதிகளை வேகமாகப் புரட்டிவிட்டு, வேலையாட்களின் கூடம் வரும் பக்கங்களிலேயே தங்கிக்கொண்டேன்.

கில்டென்ரி போருக்குத் தயாராகிறது என்ற பொய்யைப் பரப்பி, பேயர்னைப் படையெடுக்க வைக்கச் செலியா முனைவதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பொய் இல்லாவிட்டால், ஒரு பெண் தன் பட்டத்தையும் மாப்பிள்ளையையும் மீட்கும் கதையாக மட்டுமே இது இருந்திருக்கும். ஆள்மாறாட்டத்தை மறைக்க ஒரு நாட்டையே அழிக்க வேண்டியிருக்கிறது என்றானதும் அனி பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது. ஒரு குறையும் உண்டு. வாத்துக்காரியை நம்பி உயிரைப் பணயம் வைத்து அரண்மனைக்குப் புறப்படும் அந்தத் தோழர்கள், அவள் இளவரசி என்று தெரிந்த பிறகும் அவளிடம் கோபித்துக்கொள்வதே இல்லை என்று சொல்லலாம். இத்தனை நாள் எங்களிடம் பொய்ப்பெயர் சொல்லிக்கொண்டிருந்தாயே என்று யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும். தோழியான என்னாவுக்கு உண்மை முன்பே தெரியும் என்பதால் அவளை விட்டுவிடலாம்; மற்றவர்கள்?

ஏட்டுச்சுவடி:

வழிப்போக்கனின் கேள்வி சரியானது. தேவதைக் கதையின் விதி நாவலை அங்கே மடக்கிவிட்டது என்று நினைக்கிறேன். இளவரசி யார் என்று தெரிந்த பிறகு எவரும் அவளோடு சண்டை போடுவது அந்த வகைக் கதையில் கிடையாது.

அந்திவானம் அவர்களுக்கு: தொடர்ச்சி நூல்கள் மூன்று. 2004இல் வந்த 'என்னா பர்னிங்' தோழி என்னாவைப் பற்றியது. அவளுக்கு நெருப்பின் மொழி கைவருகிறது, அதே நேரத்தில் போரும் வருகிறது. அந்த ஆற்றல் அவளையே தின்னத் தொடங்குவதும், பகைவரிடம் சிக்கி அவள் மனம் தடுமாறுவதும் நாவலின் பெரும்பகுதியாக இருப்பதால், வரிகளைத் தாண்டித் தாண்டி வாசித்துக் காட்டக்கூடிய நூல் அன்று அது. 2006இல் வந்த 'ரிவர் சீக்ரெட்ஸ்' ராஸோவின் கதை. நகைச்சுவையும் துப்பறிதலும் கலந்தது, ஆனால் போருக்குப் பின் நடப்பதால் முந்தைய நூலைப் படிக்காமல் அதற்குத் தாவுவது சரிப்படாது. 2009இல் வந்த 'ஃபாரஸ்ட் பார்ன்' ராஸோவின் தங்கை ரின்னைப் பற்றியது.

உங்கள் மகளுக்கு இப்போது ஏற்றது இந்த வரிசையில் சேராத, 2005இல் ஹேல் எழுதிய 'பிரின்சஸ் அகாடமி' என்பது என் கருத்து. அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரியின் சிறப்பு மதிப்பை 2006ஆம் ஆண்டு பெற்ற நூல் அது. மலைமேல் கல் வெட்டிப் பிழைக்கும் ஓர் ஊரிலிருந்து இளவரசனுக்குப் பெண் எடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்து, அவ்வூர்ச் சிறுமிகளைப் பள்ளியில் சேர்த்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாத்து இல்லை, ஆடுகள் இருக்கின்றன. என்னாவின் கதையை அவளே தனியாகப் படிக்கும் வயதுக்கு, பதினான்கு பதினைந்துக்கு, ஒத்திவையுங்கள்.